மூக்குமுனையைச் சுற்றாமல் வந்த நாள்

1

இந்த மாசியோடு நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து ஏழு வருடம் நிறைந்தது. அதே வாரத்தில் எனக்கு ஒரு தேர்வும் வந்தது. நாற்பத்து நான்கு வயதில் தேர்வு என்றால் ஊரில் சிரிப்பார்கள். அதிலும் பென்னாகரத்தில் எட்டாம் வகுப்போடு பையைக் கழற்றிப் போட்டவனுக்கு. அதிலும் மூன்றாவது தடவையாக.

கடல் கயாக் வழிகாட்டிக்கான சான்றிதழ்த் தேர்வு அது. கயாக் என்பது நீளமான, ஒடுங்கிய படகு. ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டை வைத்த துடுப்பால் இடமும் வலமும் மாற்றி மாற்றி வலிக்க வேண்டும். நான் வேலை செய்யும் நிறுவனம் சுற்றுலாக்காரர்களை அதில் ஏற்றிக் கரையோரமாகக் கூட்டிப்போகிறது. பொன் நிற மணல், தண்ணீர் வரை இறங்கி நிற்கும் காடு, பாறை மேல் வெயில் காயும் கடல்நாய்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ இதைப் பார்க்க வருகிறார்கள். நான் ஐந்து வருடமாக அங்கே படகு கழுவுகிறேன், படகுகளை டிராக்டரில் இழுத்துப்போய்த் தண்ணீரில் விடுகிறேன், ஆள் குறைந்தால் வழிகாட்டிக்குத் துணையாகப் பின்னால் போகிறேன்.

அடுத்த பருவத்திலிருந்து சான்றிதழ் இருப்பவர்கள் மட்டுமே தண்ணீரில் இறங்கலாம், மற்றவர்களுக்குப் படகுக் கொட்டகை வேலைதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதும் போனால் இரண்டு வருடம் காத்திருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு சனிக்கிழமை.

2

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மாரியப்பன். ஊட்டமலைக்காரன். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவன். இதைப் படிக்கிறவர்களில் சிலரை நானே ஏற்றிக்கொண்டுபோய் மணல்திட்டில் இறக்கியிருக்கலாம். சுழற்றச் சொல்லிக் கெஞ்சிவிட்டுச் சுழற்றியதும் கத்தியது நீங்களாகக்கூட இருக்கலாம்.

காவிரியில் தண்ணீர் கூடினால், “பரிசல் இயக்கத் தடை” என்று செய்தியில் ஒரு வரி வரும். எங்கள் அடுப்பு அந்த வரியைப் பார்த்துத்தான் எரியும், அணையும். தடை நாட்களில் சும்மா உட்கார என்னால் முடியாது. போர் போடும் லாரியில் ஏறி மத்தியப் பிரதேசம் வரை போயிருக்கிறேன். திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன். கோவாவில் சுற்றுலாப் படகில் கயிறு பிடித்திருக்கிறேன். ஊர் சுற்றும் பழக்கம் எனக்கு ஆற்றால் வந்தது. தண்ணீர் இறங்கியதும் திரும்பிவிடுவேன்.

என் மனைவி செல்வி பாலக்கோட்டுப் பெண். செவிலியர் படிப்பு படித்தவள். அவளுக்குத்தான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. நான் அவள் விசாவில் தொங்கிக்கொண்டு வந்தவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. விண்ணப்பத்தில் என் முன்தொழில் கேட்டிருந்தார்கள். சேலத்தில் ஒரு மொழிபெயர்ப்புக்காரர் என் பரிசல் உரிமத்தை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று பயணிகள் கப்பல் ஓட்டுநர் என்று போட்டுவிட்டார் போலிருக்கிறது. விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: கப்பலின் நீளம் என்ன, இயந்திரத்தின் குதிரைத்திறன் என்ன, மாலுமிகள் எத்தனை பேர்? மூங்கிலும் தாரும், குதிரை கிடையாது, மாலுமி நான் ஒருவன்தான் என்று செல்வி பதில் எழுதினாள். பரிசலோடு நான் நிற்கும் படத்தையும் அனுப்பினாள். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

வந்த புதிதில் ஆப்பிள் தோட்டம். ஏணியும் பையும். முதல் குளிர்காலத்தில் விரல்கள் வெடித்தன. பிறகு கடற்கரையில் படகு கழுவ ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவ்வளவுதான்.

3

முதல் தடவை எழுத்துத் தேர்விலேயே விழுந்தேன். கேள்விகளைப் படித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை அதைத் தாண்டினேன். ஆனால் ஆற்றுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்றைச் செய்தேன்.

ஒரு கழிமுகத்தில் ஆட்களை இறக்கிச் சாப்பாடு கொடுத்தேன். படகுகளைத் தண்ணீர் ஓரமாக ஏற்றி, ஒரு வேரில் ஒழுங்காகக் கட்டினேன். ஆற்றங்கரையில் அது போதும். ஆறு இருக்கும் இடத்தில்தான் இருக்கும். கடல் இங்கே ஒரு நாளில் இரண்டு தடவை எழுந்து வரும், இரண்டு தடவை எழுந்து போகும். ஏற்றவற்ற அட்டவணை என் சட்டைப்பையில்தான் இருந்தது. மனப்பாடம்கூட. ஆனால் கைக்கும் காலுக்கும் காவிரிதான் தெரிந்திருந்தது. சாப்பிட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால் எங்கள் படகுகள் வெறும் சேற்றில் கிடந்தன. கடல் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் போயிருந்தது. ஆறு பேர் மூன்று மணி நேரம் கடல் திரும்பி வரக் காத்திருந்தோம். தேர்வாளர் ரூத் அம்மா ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. கடைசியில், “கடலுக்குக் கடிகாரம் உண்டு, மாரி” என்று மட்டும் சொன்னார். முடிவைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் தடவைக்கும் வந்தவர் அதே ரூத்தான். அறுபதைத் தாண்டியவர். நாற்பது வருடம் இந்தக் கரையில் துடுப்பு பிடித்தவர்.

4

தேர்வில் நான் கூட்டிப்போக மூன்று பயணிகளாவது வேண்டும். தன்னார்வலர்களாக ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி கிரகாமும் லிண்டாவும் வருவதாக இருந்தார்கள். மூன்றாமவர் முதல் நாள் மாலை காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். என் மகள் கனியைக் கேட்டேன்.

கனிக்குப் பதினைந்து வயது. எட்டு வயதில் வந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். களி கிண்டினால் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கு என் வேலைச் சட்டையோடு வர வேண்டாம் என்று ஒருமுறை சொன்னாள். நான் போவதை நிறுத்திக்கொண்டேன். கோபமில்லை. நானும் அந்த வயதில் என் அப்பாவோடு சந்தைக்குப் போகமாட்டேன் என்றவன்தான்.

“சனிக்கிழமையா? சீரியஸ்லி, ப்பா?”

“ஒரு நாளு கண்ணு. உக்காந்துட்டு வந்தாப் போதும். நான் வலிச்சுக்கறேன்.”

செல்வி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “போயிட்டு வாடி. அந்த மனுசன் ரெண்டு மாசமா தூக்கத்துல கூட அலை வருது, காத்து வருதுன்னு பொலம்பறாரு. பாஸ் பண்ணாலாச்சும் நான் தூங்குவன்.”

தோழி வீட்டில் ஒரு ராத்திரி தங்க அனுமதி தந்த பிறகுதான் கனி ஒப்புக்கொண்டாள்.

கிளம்பும்போது ஊரிலிருந்து குரல்பதிவு ஒன்று வந்தது. என்னோடு ஒரே துறையில் பரிசல் ஓட்டிய சின்னசாமி. “அடே மாரி, இன்னிக்கி எக்ஸாமாமே! இங்க தண்ணி கம்மி, பரிசலு பாறையில தட்டுது. நம்ம தொறையில ஒருத்தனாச்சும் பாஸ் பண்ணுடா. பெயிலானா இங்க வந்துடு, அருவியில எண்ணெ தேச்சு உடற எடம் காலியா இருக்குது.” கனியும் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

5

வாடகை மோட்டார் படகான வாட்டர் டாக்ஸி எங்களையும் கயாக்குகளையும் வடக்கே கொண்டுபோய் விட்டது, திரும்புவதுதான் துடுப்பால். காலை நன்றாகவே போனது. இரட்டைப் படகு இரண்டு, ஒற்றைப் படகு ஒன்று. ஒன்றில் கிரகாமும் லிண்டாவும். இன்னொன்றில் முன்னால் கனி, பின்னால் நான். ரூத் தனியாக ஒற்றைப் படகில், சற்றுத் தள்ளி, நீர் புகாத உறையில் போட்ட மதிப்பெண் தாளோடு.

கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. அடியில் போகும் திருக்கை மீன்கூடத் தெரிந்தது. மீட்புப் பகுதிக்காக ரூத் சொல்லாமல் கொள்ளாமல் தன் படகைக் கவிழ்த்துத் தண்ணீரில் விழுந்தார். நான் பக்கத்தில் ஒட்டி, அவர் படகை என் படகின் மேல் இழுத்துக் குப்புறப் போட்டுத் தண்ணீரை வடித்து, நிமிர்த்திப் பிடித்து அவரை ஏற்றினேன். அந்தக் களேபரத்தில் லிண்டா பயந்து எழுந்து நிற்கப் பார்த்தார். “கூத்கொள்ளி!” என்று கத்திவிட்டேன். உட்காருங்கள் என்பதற்குக் கன்னடம். பெங்களூர்க்காரர்களை ஏற்றி ஏற்றி வந்த பழக்கம், அவசரத்தில் அதுதான் முதலில் வாயில் வரும். லிண்டா டப்பென்று உட்கார்ந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட ரூத்தும் அசையாமல் உட்கார்ந்தார்.

“ப்பா, அது என்ன லாங்குவேஜ்?” என்றாள் கனி.

“ஆபத்துக்கு வெச்சிருக்கற பாஷை.”

மதியம் வடக்கே ஒரு சின்ன மணல் குடாவில் சாப்பிட்டோம். இந்தத் தடவை படகுகளை மரங்கள் வரை தூக்கி ஏற்றிவிட்டுத்தான் சாப்பாட்டைப் பிரித்தேன். எலுமிச்சைச் சாதம். கிரகாம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். லிண்டா தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கேட்டேன். பழைய வலி, ஒன்றுமில்லை என்றார்.

6

திரும்பும் வழியில் ஒரு பாறைமுனை உண்டு. மூக்கு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றினால் அந்தப் பக்கம் அமைதியான பெரிய குடா. அங்கிருந்து வீடு சுலபம். ஆட்களோடு அந்த முனையைச் சுற்றிக் காட்டுவது தேர்வில் கட்டாயப் பகுதி.

நாங்கள் போய்ச் சேரும்போது காற்று எழும்பிவிட்டது. வற்றும் நீர் ஒரு பக்கம் ஓட, காற்று அதற்கு எதிரே அடிக்க, முனையில் அலைகள் குத்துக்குத்தாக எழுந்து வெள்ளையாக உடைந்தன. பாறையின் மறைவில் மூன்று படகுகளையும் ஒட்டிச் சேர்த்து நிறுத்தினேன். லிண்டா துடுப்பை மடியில் போட்டுவிட்டார். உதடு வெளுத்திருந்தது.

நான் தனியாக இருந்தால் பாட்டுப் பாடிக்கொண்டே சுற்றிவிடுவேன். இவர்களோடும் பத்துக்கு எட்டு தடவை சுற்றிவிடலாம். மிச்ச இரண்டு தடவைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒகேனக்கல்லில் ஒருமுறை, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த மாலையில், வெகுதூரத்திலிருந்து வந்தோம் என்று கெஞ்சிய ஒரு குடும்பத்தை ஏற்றினேன். பரிசல் பாறையில் மோதிச் சாய்ந்தது. எல்லாரையும் இழுத்துக் கரையேற்றினேன். ஒரு பெண்ணுக்கு மட்டும் கை முறிந்தது. அந்தப் பெண் கத்தக்கூட இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரூத் பக்கம் திரும்பிச் சொன்னேன். “முனையைச் சுற்றவில்லை. இந்தக் குடாவில் கரையேறுகிறோம்.”

“சுற்றாவிட்டால் அந்தக் கட்டத்தை நான் நிரப்ப முடியாது. அது கட்டாயம். தெரியும்தானே?”

“தெரியும்.”

“இதற்கு மேல் நான் எதுவும் சொல்லக்கூடாது” என்று வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் முன்னாலிருந்து கனியின் குரல் வந்தது. ரூத்துக்குப் புரியக்கூடாது என்று தமிழில், அடித்தொண்டையில். “ப்பா, என்னா பண்றீங்க? சுத்திடுங்க ப்பா. உங்களால முடியும். நானும் நல்லா வலிக்கிறேன். இதையும் உட்டுட்டா பெயிலு ப்பா.”

இத்தனை தமிழை அவள் என்னிடம் ஒரே மூச்சில் பேசி எத்தனை நாளாயிற்று! அவளுக்கு இந்தத் தேர்வு ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்திருந்தேன்.

“நீ வலிச்சிடுவ கண்ணு. அந்தம்மா தோளு தாங்காது.”

“அப்ப வாட்டர் டாக்ஸியக் கூப்புடுங்க.”

“அது வர ஒரு மணி நேரமாவும். அதுக்குள்ள அந்தம்மா குளுர்ல வெறச்சிடும். எறங்கி நடக்கலாம்.”

“படகு?”

“படகும் நடக்கும்.”

7

ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பரிசல் ஆற்றோடு இறங்கும், எதிரே ஏறாது. ஆட்களை இறக்கிவிட்டுப் பரிசல்காரன் அதைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு பாறை வழியாக நடந்து மேலே வருவான். ஒரு மூட்டை சிமெண்டு கனம் இருக்கும். ஒரு நாளில் ஐந்தாறு நடை. தண்ணீர் வழிவிடாத இடத்தில் படகைச் சுமந்து நடப்பது எங்கள் தொழிலில் பாதி. அதில் தோல்வி என்று ஒன்றும் இல்லை. இங்கே யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. இங்கே படகு மனிதனைச் சுமக்கும், படகை டிராக்டர் சுமக்கும்.

அந்த மூக்குமுனையின் கழுத்தில் ஒரு மேடு. இந்தக் குடாவிலிருந்து அந்தக் குடாவுக்கு நடைபாதை உண்டு. வெறுங்கையோடு பத்து நிமிடம். ஐந்து வருடத்தில் நூறு தடவை நடந்திருப்பேன். படகு திரும்ப இடமிருக்கிறது என்று என் கண் எப்போதோ அளந்து வைத்திருந்தது.

கரையேறியதும் லிண்டாவுக்கு உலர்ந்த சட்டையும் சூடான தேநீரும் கொடுத்து, கிரகாமிடம் துடுப்புகளைக் கொடுத்து முன்னே அனுப்பினேன். துண்டைச் சுருட்டிச் சும்மாடு சுற்றினேன். கனி பார்த்துக்கொண்டிருந்தாள். தன் விலையுயர்ந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி நீட்டினாள்.

“எனக்கும் ஒண்ணு சுத்திக் குடுங்க.”

“கனமா இருக்கும்டி.”

“நீங்க மட்டும் என்னா, புல்டோசரா?”

ஏறும்போது குட்டையானவர் முன்னால், இறங்கும்போது உயரமானவர் முன்னால். அப்போதுதான் படகு சமமாக இருக்கும். இதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். பாதி மேட்டில் எதிரே வந்த நடைப்பயணிகள் ஒதுங்கி நின்று படமெடுத்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். “கடலுக்கு” என்றாள் கனி, படகுக்கு அடியிலிருந்து.

முதல் படகை அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து இரண்டாவதைத் தூக்கினோம். தேர்வாளர் உதவக்கூடாது என்பது விதி. அவர் படகும் என் பொறுப்பாம். அதை மட்டும் நான் தனியாகத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ரூத் பின்னாலேயே வந்தார், கையில் தாள் ஒன்றுதான். கழுத்து கடுத்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இந்த நாட்டில் கால்வைத்த நாளிலிருந்து அவ்வளவு நிமிர்ந்து நான் நடந்ததில்லை.

அந்தப் பக்கக் குடா அசையாமல் கிடந்தது. லிண்டாவின் முகத்தில் நிறம் வந்திருந்தது. அவர் துடுப்பைத் தொட வேண்டாம் என்று சொல்லி, அவர்கள் படகைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்தோம்.

8

கரையில் ரூத் தாளைக் காட்டினார். எல்லாக் கட்டத்திலும் குறி இருந்தது. ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது. நான் தலையாட்டினேன். கொட்டகையில் எந்த மூலையில் என் சாமான்களை வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

“நாளை காலை ஆறரைக்கு வா. காற்று எழும்புவதற்கு முன்னால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்ப்போம்” என்றார். “பாதுகாப்புக்காக ஒரு பகுதியைத் தள்ளிவைக்க எனக்கு உரிமை இருக்கிறது. அதை முன்கூட்டியே சொல்லத்தான் உரிமை இல்லை.” பிறகு தன் படகைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இன்று நீ சுற்றியிருந்தால் உனக்குத் தேர்ச்சி கொடுத்திருக்க மாட்டேன்.”

அப்படி ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

பயணி ஒருவராவது வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் எழாத கனி மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து கிளம்பி நின்றாள். தோழி வீட்டில் தங்குவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டாளாம். “கழுத்து திரும்ப மாட்டேங்குது ப்பா” என்று மட்டும் வழியில் சொன்னாள்.

மூக்குமுனை அன்று தூங்கிக்கொண்டிருந்தது. வெயில் அப்போதுதான் பாறையில் ஏறத் தொடங்கியிருந்தது. எங்கே விலக வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும், அலை பாறையில் பட்டுத் திரும்பி எங்கே உதைக்கும் என்று சொல்லிக்கொண்டே சுற்றினேன். கனியிடம் தமிழிலும் ரூத்திடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும். அந்தப் பக்கம் போனதும் ரூத் படகை நிறுத்தி, தாளை முழங்காலில் வைத்துக் கடைசிக் கட்டத்தை நிரப்பினார். கையை நீட்டினார். அவர் கை என் கையைவிடக் காய்த்திருந்தது.

“இன்னும் ஒன்று பாக்கி” என்று கனி பக்கம் திரும்பினார். பயணியிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வியாம். இந்த வழிகாட்டியை நம்பி நீங்கள் மறுபடியும் கடலுக்கு வருவீர்களா?

கனி கொஞ்சம் யோசித்தாள். ஆங்கிலத்தில் அவரிடம் ஏதோ சொன்னாள். ரூத் சிரித்தார், அதை அப்படியே எழுதினார். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

“என்னாடி சொன்ன?”

அவள் திரும்பவில்லை. கழுத்து வலி. முன்னால் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள். “வருவேன்னு சொன்னேன். தண்ணி சரியில்லன்னா எங்கப்பா தலைமேல தூக்கிட்டுப் போயிடுவாருன்னு சொன்னேன்.”

அந்தத் தாளின் நகல் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. சான்றிதழ் அட்டை அலமாரிக்குள் இருக்கிறது.